ஆறு பி.எஸ்.ஐ போதும்: என் ரோட்ஸ்டருக்கு சூப்பர்சார்ஜர் ஏற்றிய முறை

சூப்பர்சார்ஜர் கைக்கு வந்த பிறகு ஐந்து மாதம் அது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதை ஓர் இரும்புத் திண்டு என்றே நினைத்து, மனைவி அதன் மேல் குடையை வைக்கப் பழகிவிட்டாள். வாங்கிய வாரமே மாட்டியிருக்கலாம். மாட்டாமல் அந்த ஐந்து மாதமும் வேறு வேலைகளைச் செய்ததுதான் இன்ஜினைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த வேறு வேலைகளைப் பற்றித்தான்.

வண்டி ஒரு யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஜப்பானில் அப்போது இருந்த பெயர் அது. 1992 பிப்ரவரியில் பதிவானது, பிறகு கப்பலேறி இங்கிலாந்து வந்தது. நான் இருப்பது கவென்ட்ரியில். இன்ஜின் பி6 வகை: 1,597 சி.சி, போர் 78 மி.மீ, ஸ்ட்ரோக் 83.6 மி.மீ, கம்ப்ரஷன் 9.4-க்கு 1. புதிதில் சுமார் 115 குதிரைத்திறன். முப்பது வருடத்தில் அதில் எத்தனை குதிரை ஓடிப்போனதோ, நான் ரோலிங் ரோட்டில் (சக்கரத்தை உருளை மேல் ஓட்டித் திறனை அளக்கும் மேடை) ஏற்றியபோது பின் சக்கரத்தில் 97 வந்தது. மோசமில்லை.

சாதாரண இன்ஜின், பிஸ்டன் இறங்கும்போது வெளிக்காற்று தானாக எவ்வளவு உள்ளே வருகிறதோ அதை மட்டும் குடிக்கும். சூப்பர்சார்ஜர், அதாவது புளோயர், பெல்ட்டில் சுற்றிக்கொண்டு அதற்கு மேல் ஊட்டுகிறது. அப்படி ஏறும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்; அதை பி.எஸ்.ஐ-யில், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று, அளப்பார்கள். டர்போ வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றும். சூப்பர்சார்ஜரோ கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், பலத்தில் கொஞ்சத்தைத் தான் தின்றுவிட்டுத்தான் வேலை செய்யும். என் வண்டியில் முழு வேகத்தில் எட்டுப் பத்து குதிரை இதைச் சுற்றவே போகிறது. அதற்குக் கிடைக்கும் கூலி, மிதித்த கணமே வரும் இழுவை. வளைவுகள் நிறைந்த கிராமத்துச் சாலையில் ஒரு சின்னக் கார் ஓட்டுபவனுக்கு அது போதுமான நியாயம்.

முதலில் இன்ஜினைச் சோதியுங்கள்

கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை (மிதி திறக்கும் காற்று வால்வு) முழுக்கத் திறந்து வைத்துச் சுழற்ற வேண்டும். எனக்கு 175, 178, 182, 176 பி.எஸ்.ஐ வந்தது. எண் எவ்வளவு பெரியது என்பதைவிட, நான்கும் ஒட்டி நிற்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் 130-இல் நின்றால் இத்துடன் நிறுத்திவிடுங்கள். தேய்ந்த ரிங்கின் மேல் பூஸ்ட் ஏற்றுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது போல.

பி6 இன்ஜினில் இன்னொரு பொறி உண்டு. 1989 முதல் 1991-இன் முற்பகுதி வரை வந்த வண்டிகளில் கிராங்கின் மூக்கு குட்டையாக இருக்கும். காலப்போக்கில் புல்லியைப் பிடிக்கும் சாவியின் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கும். முன்னால் குனிந்து கிராங்க் புல்லியின் நடுவே பாருங்கள்: நான்கு பிளவு தெரிந்தால் குட்டை மூக்கு, எட்டு தெரிந்தால் நீள மூக்கு. புளோயர் பெல்ட்டின் சுமையெல்லாம் இந்த மூக்கில்தான் விழும் என்பதால் குட்டை மூக்கு வண்டியில் நான் இந்த வேலையைத் தொடவே மாட்டேன். என்னுடையது நீள மூக்கு. நடு போல்ட்டை 157 முதல் 167 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். ‘கையால் நல்லா இறுக்கியாச்சு’ என்பதெல்லாம் இங்கே செல்லாது.

கிளட்ச் பற்றி ஒரு வரி. என்னுடையது போன்ற 1.6 லிட்டர் வண்டியின் 200 மி.மீ கிளட்ச் வழுக்கும். 1.8 வண்டியின் ஃபிளைவீலும் 215 மி.மீ கிளட்ச்சும் நேராகப் பொருந்தும். அதைப் போட்டுவிடுங்கள்.

குளிர்விப்பில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த இன்ஜின் முதலில் மாஸ்டா 323 போன்ற முன்சக்கர இழுவை வண்டிகளுக்காகச் செய்தது. அங்கே தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, மறுமுனையில் தெர்மோஸ்டாட் வழியே வெளியேறும். ரோட்ஸ்டருக்காக அதைத் திருப்பி நிறுத்தியபோது, பின்முனை கேபின் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் தெர்மோஸ்டாட்டை முன்பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியே ஓடுகிறது. நான்காவது சிலிண்டருக்கு மிச்சமீதிதான். சாதாரண ஓட்டத்துக்கு இதனால் பாதகமில்லை. பூஸ்ட் ஏறினால் முதலில் தட்டுவது (நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) அந்த நான்காவதுதான். தெர்மோஸ்டாட்டை மறுபடி சிலிண்டர் தலையின் பின்பக்கத்துக்கே மாற்றும் வேலையை நான் ஒரு சனிக்கிழமையில் முடித்தேன். கை நுழையாத இடம். முழங்கை முழுக்கக் கீறல். தாராளமாகச் செய்யலாம்.

எந்தப் புளோயர், எத்தனை சுற்று

2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில் ஈட்டன் எம்45 என்ற ரூட்ஸ் வகைப் புளோயர் இருந்தது. இங்கிலாந்தின் உடைசல் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ரூட்ஸ் என்பது 1860-இல் காப்புரிமை வாங்கிய இண்டியானா மாநிலத்துச் சகோதரர்கள் இருவரின் குடும்பப் பெயர். அவர்கள் உருவாக்கியது காருக்கான கருவி அல்ல. உலைகளுக்குக் காற்றூதும் எந்திரம். முறுக்கிய மூன்று இதழ் கொண்ட இரண்டு ரோட்டர்கள் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றிக் காற்றை அள்ளித் தள்ளுகின்றன. உள்ளே அமுக்குவதில்லை. இன்ஜின் குடிப்பதைவிட அதிகமாகத் தள்ளுவதால் குழாயில் நெரிசல் ஏற்படுகிறது. அந்த நெரிசல்தான் பூஸ்ட்.

பெயரிலுள்ள 45 என்பது கன அங்குலம். ஒரு சுற்றுக்கு 0.737 லிட்டர். கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் குடிக்கும். ஆகவே 1.6 லிட்டர் இன்ஜினுக்கு ஒரு கிராங்க் சுற்றில் 0.8 லிட்டர். முழுதாக நிரம்பாது, தொண்ணூறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 0.72. புளோயரைக் கிராங்கைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றினால் 0.737 × 1.5 = 1.1 லிட்டர். ரோட்டர் இடுக்குகளில் கசிவது பதினைந்து சதவீதம் போக 0.94. இதை 0.72-ஆல் வகுத்தால் 1.3. முன்பு குடித்ததைவிட முப்பது சதவீதம் அதிகக் காற்று. இன்டர்கூலருக்குப் (காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) பிறகும் காற்று கொஞ்சம் சூடாகவே இருக்கும் என்பதையும் சேர்த்தால், மானியில் ஐந்தரை முதல் ஆறு பி.எஸ்.ஐ காட்டும். இந்த 1.5-தான் நான் எடுத்துக்கொண்ட விகிதம். கிராங்கில் 120 மி.மீ புல்லி, புளோயரில் 80 மி.மீ. இன்ஜின் 7,000 சுற்றில் இருக்கும்போது புளோயர் 10,500. மினியில் அது கிராங்கைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றியது, எனவே இங்கே அதற்கு ஓய்வுக்கால வேலைதான்.

ஏன் எட்டு இல்லை, பத்து இல்லை? இரண்டு காரணம். பி6-இன் கனெக்டிங் ராடுகள் சக்கரத்தில் 200 குதிரையை நெருங்கும்போது வளையத் தொடங்கும் என்பது இந்த வண்டிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. இரண்டாவது, ரூட்ஸ் புளோயர் அழுத்தம் ஏற ஏறக் காற்றைச் சுட வைக்கும். ஆறு பி.எஸ்.ஐ-யிலேயே, 20 டிகிரியில் உள்ளே போன காற்று எழுபதைத் தாண்டி வெளியே வரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, நாக்கிங்கையும் கூட்டி வரும். அதிகக் காற்றை அதிகச் சூட்டோடு ஊட்டுவதில் லாபம் வேகமாகக் குறைகிறது. பெரிதாக வேண்டுமென்றால் மெர்சிடிஸ் எஸ்எல்கே 230 காரிலிருந்த எம்62 தேடுங்கள், நான் தேடவில்லை.

புளோயர் வாங்கும்போது புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்ற வேண்டும், கரகரக்கக் கூடாது. மினியின் எம்45-க்கு இரு முனையிலும் தனித்தனியாகச் சொந்த எண்ணெய் உண்டு. பின்முனையில் மினியின் வாட்டர் பம்பையும் இதுதான் ஓட்டியது. அங்கே இருக்கும் பற்சக்கரங்களில் எண்ணெய் வற்றித்தான் பெரும்பாலானவை சாகின்றன. ஓர் உடைசல் கடையில் ‘சர்வீஸ் செய்தது’ என்று சொல்லி எனக்கு விற்ற முதல் புளோயரின் பின்மூடியைத் திறந்தால் ஒரு துளி எண்ணெய் இல்லை, பற்கள் கத்தி முனையாகத் தேய்ந்திருந்தன. பணம் திரும்பவில்லை. இரண்டாவதை நேரில் போய், அங்கேயே மூடி திறந்து பார்த்து 160 பவுண்டுக்கு வாங்கினேன். வாட்டர் பம்பைக் கழற்றி, அந்தத் துளையை அலுமினியத் தட்டால் மூடி, இரு முனைக்கும் புதிய எண்ணெய் விட்டேன்.

சுற்றும் திசையையும் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்கள் கடிகாரத் திசையில் சுற்றும், ஈட்டனும் அப்படியே. உங்களிடம் இருப்பது பழைய ஹோண்டா என்றால் அது எதிர்த்திசை. அங்கே இந்த முறை நேராகப் பொருந்தாது.

ஈ.சி.யூ முதலில், புளோயர் கடைசியில்

எல்லோரும் புளோயரை மாட்டிவிட்டு அப்புறம் ஈ.சி.யூ-வைப் (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஆளும் கணினி) பார்க்கலாம் என்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்தேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். புதிய ஈ.சி.யூ, புதிய இன்ஜெக்டர், புதிய சென்சார்கள் எல்லாவற்றையும் புளோயர் இல்லாத இன்ஜினிலேயே போட்டு, குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஐடில், ட்ராஃபிக், மோட்டார்வே எல்லாம் சரியாகும் வரை ஓட்டுங்கள். ஒரு தவறு நடந்தால் வண்டி இருமும், அவ்வளவுதான். அதே தவறு பூஸ்டில் நடந்தால் பிஸ்டன் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால், கெட்டதற்குக் காரணம் எது என்று தேட வேண்டியதில்லை.

நான் போட்டது மெகாஸ்க்விர்ட் என்ற ஈ.சி.யூ. 1.6-இல் காற்றை அளப்பது கதவு போலத் திறக்கும் ஒரு பழைய அளவி. பூஸ்டில் அந்தக் கதவு முழுக்கத் திறந்து நின்றுவிடும். அதற்கு மேல் என்ன வந்தாலும் அதற்குத் தெரியாது. அதைத் தூக்கிவிட்டு, மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கணக்கிடும் முறைக்கு மாறினேன். மெகாஸ்க்விர்ட்டின் உள்ளேயே 250 கிலோபாஸ்கல் வரை படிக்கும் சென்சார் இருந்தது. வெளிக்காற்றே நூறு என்பதால், ஆறு பி.எஸ்.ஐ-க்கு 140-ஐ ஒட்டித்தான் போகும். தாராளம்.

அந்தக் கதவு அளவியைக் கழற்றிய அன்று இரவு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் வருகிறது, பெட்ரோல் வாசனையே இல்லை. இரண்டு மணி நேரம் ஒயரிங் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு புரிந்தது: 1.6-இல் பெட்ரோல் பம்பை ஓட்டும் சுவிட்ச் அந்த அளவியின் உள்ளேயே இருக்கிறது. கதவு திறந்தால்தான் பம்ப் ஓடும். அளவி போனால் பம்ப்பும் போச்சு. பம்ப் ரிலேயின் அந்த ஒயரைப் புதிய ஈ.சி.யூ-விடம் ஒப்படைக்க வேண்டும். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அதே அளவியில்தான் இருந்தது, எனவே புதிதாக ஒன்று தேவை. அதை இன்டர்கூலருக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் இன்ஜின் குடிக்காத காற்றின் வெப்பத்தைத்தான் படிப்பீர்கள். மேனுவல் 1.6-இன் த்ராட்டில் சென்சார் உண்மையில் ஒரு சுவிட்ச்தான். ஆட்டோமேட்டிக் வண்டியுடையது முறையாக அளக்கும், அதை மாற்றிப் போட்டேன்.

இன்ஜெக்டர் கணக்கு இது. பூஸ்ட் ஏறிய பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைக்கு நிமிடத்துக்கு ஆறு சி.சி சொச்சம் பெட்ரோல் என்று வையுங்கள். கிராங்கில் 160 குதிரை வேண்டுமென்றால் ஆயிரம் சி.சி. நான்கால் வகுத்தால் 250. இன்ஜெக்டரை எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, ஆக 295 தேவை. பழைய இன்ஜெக்டர்கள் 200-ஐ ஒட்டியவை, பற்றாது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் மஞ்சள் நிற இன்ஜெக்டர்கள் 425 சி.சி; அவை பொருந்தும். நான் அவற்றையே போட்டேன்.

எக்ஸாஸ்ட்டில் பாஷ் 4.9 வகை வைட்பேண்ட் சென்சார் ஒன்று கட்டாயம்; காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் எரிகின்றன என்று புகையை வைத்துச் சொல்வது அதுதான். குழாயின் மேல்பாதியில், சென்சாரின் மூக்கு கீழ்நோக்கிச் சாயுமாறு பற்றவையுங்கள். அடியில் வைத்தால் காலையில் குழாயில் தேங்கும் நீர் அதை உடைத்துவிடும்.

மாட்டும் வேலை

அளவியும் காற்றுப் பெட்டியும் போனதும் எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒரு இடம் காலியாகும். புளோயர் அங்கே உட்கார்ந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயா என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான் நடுவே இரட்டைத் தகடு வெப்பத்தடுப்பு வைத்தேன். இந்த இடத்தின் லாபம் என்னவென்றால், புளோயரிலிருந்து வெளியேறும் காற்று முன்னால் வந்து, ரேடியேட்டருக்கு முன்னுள்ள இன்டர்கூலர் வழியே போய், பழைய த்ராட்டிலுக்கே சேரும். த்ராட்டில், ஐடில் வால்வு, மிதி கேபிள் எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் ஒரு ஆபத்து உண்டு. த்ராட்டிலை மூடினாலும் புளோயர் தள்ளுவதை நிறுத்தாது. நடுவே மாட்டிக்கொண்ட காற்றுக்குப் போக்கிடம் வேண்டும். அதற்குத்தான் பைபாஸ் வால்வு: மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும்போதெல்லாம் திறந்து, புளோயர் தள்ளியதை அதன் வாய்க்கே திருப்பி அனுப்பும். டர்போ வண்டியின் வால்வை இங்கே போடாதீர்கள். அதன் ஸ்பிரிங் கெட்டியானது. திடீரென்று மிதியை விடும்போது மட்டும் திறக்கும். நமக்கு எழுபது மைல் வேகத்தில் நிதானமாகப் போகும்போதும் திறந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார்வேயில் இன்டர்கூலர் சூடாகிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் வீணாகும்.

பெல்ட்தான் என்னை அழவைத்தது. தாங்கு சட்டத்தைப் பத்து மி.மீ அலுமினியத் தகட்டில் வரைந்து, இங்கே சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். கிராங்க் புல்லிக்கு முன்னால் ஆறு வரிப் புல்லி ஒன்றையும் அவரே கடைந்து கொடுத்தார். அசல் புல்லியைப் பிடித்திருப்பது நான்கு சின்ன எம்6 போல்ட்கள் மட்டுமே. புதிய புல்லியை அந்த போல்ட்கள் நடுப்படுத்தக் கூடாது. நடுவே ஒரு தோள் கடைந்து அதில் சிக்கென்று உட்கார வேண்டும், போல்ட் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். இது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மாட்டி முடித்து முதல் ஓட்டத்தில், நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் பெல்ட் பறந்துபோனது. இரண்டாவது பெல்ட்டும் அன்றே போனது. மூன்றாவது பெல்ட்டோடு அண்ணனிடம் போய் நின்றேன். அவர் நேர்க்கோலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, மூண்டு மில்லிமீற்றர் வெளியால நிக்குது. பிறகு எப்பிடி பெல்ற் நிக்கும்?” என்றார். என் வரைபடத்தில் வெப்பத்தடுப்பின் தடிமனைக் கூட்டாமல் விட்டிருந்தேன். சட்டத்தின் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஒரு மி.மீ-க்குள் கொண்டுவந்த பிறகு இன்றுவரை பெல்ட் நகரவில்லை. நேர்க்கோலை இன்ஜின் குளிரில் ஒருமுறை, சூட்டில் ஒருமுறை என வைத்துப் பாருங்கள்.

பெல்ட் புளோயர் புல்லியைக் குறைந்தது பாதி வட்டமாவது தழுவ வேண்டும்; அதற்கு ஒரு ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பிவிட மட்டும் சுற்றும் புல்லி) தேவைப்படும். தழுவல் போதாவிட்டால் பெல்ட் வழுக்கும், மானியில் ஐந்தாயிரம் சுற்றுக்கு மேல் பூஸ்ட் ஏறாமல் இறங்கும். ஆல்டர்நேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் இந்த பெல்ட்டில் கோர்க்காதீர்கள். அவற்றுக்குப் பழைய பெல்ட்டே இருக்கட்டும். புளோயர் பெல்ட் அறுந்தால் வண்டி சாதாரண ரோட்ஸ்டராக வீட்டுக்கு வந்துவிடும்; எல்லாம் ஒரே பெல்ட் என்றால் லாரியில்தான் வரும்.

குழாய்களில் ஒன்று

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பலர் விழும் குழி இது. இன்ஜினின் வால்வ் கவரில் இரண்டு மூச்சுக்குழாய்கள் உண்டு. ஒன்று பி.சி.வி வால்வு வழியே மேனிஃபோல்டுக்குப் போகிறது. அந்த வால்வு ஒருவழிப்பாதை. பழசாக இருந்தால் புதிதாகப் போடுங்கள், பத்துப் பவுண்டு ஆகாது. இன்னொன்று த்ராட்டிலுக்கு முந்தைய குழாயில் சேருகிறது. முன்பு அங்கே வெளிக்காற்றின் அழுத்தம்தான். இப்போது அது புளோயருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கிறது, அதாவது பூஸ்ட் இருக்கும் இடம். நான் அதை அப்படியே பழைய முனையில் சொருகினேன். மூன்றாம் கியரில் ஒரு மிதி. பானெட்டுக்குள் ‘டப்’ என்று சத்தம். திறந்து பார்த்தால் எண்ணெய்க் கோல் பாதி வெளியே எழும்பி நிற்கிறது, சுற்றிலும் எண்ணெய் மழை. கிராங்க் அறைக்குள் நானே காற்றடித்திருக்கிறேன். அந்தக் குழாயை எண்ணெய் பிடிக்கும் டப்பா ஒன்றின் வழியே புளோயரின் வாய்ப்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். பிரேக் சர்வோ குழாயிலும், கார்பன் கேனிஸ்டர் குழாயிலும் ஒருவழி வால்வு வேலை செய்கிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள்.

பெட்ரோல், ஸ்பார்க், காது

பிளக் ஒரு படி குளிர்ந்தது: என்.ஜி.கே பி.கே.ஆர்.7ஈ. இடைவெளி அசலில் 1.1 மி.மீ, பூஸ்டில் தீப்பொறி அணையாமல் இருக்க 0.8-க்குக் குறைத்தேன்.

பெட்ரோல் 99 ஆக்டேன் மட்டும். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், முழுதாக எரியக் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-க்குப் பதிலாக 14.1-ஐ ஒட்டி வரும். ஆகவே அந்த எண்களை விட்டுவிட்டு லாம்டாவில் (முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற எண்) பேசப் பழகுங்கள். எந்த பெட்ரோல் ஊற்றினாலும் 1 என்றால் 1. ஐடிலிலும் நிதான ஓட்டத்திலும் 1. பூஸ்ட் தொடங்கும் இடத்திலிருந்து படிப்படியாக இறக்கி, முழு மிதியில் 0.80 முதல் 0.82. கூடுதல் பெட்ரோல் எரிவதற்கு அல்ல, குளிர்விப்பதற்கு.

ஸ்பார்க் டைமிங்கில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது தீப்பொறி வருகிறது என்பதில், பேராசை வேண்டாம். புளோயர் இல்லாதபோது என் இன்ஜின் உச்ச வேகத்தில் 28 டிகிரி தாங்கியது. ஒரு பி.எஸ்.ஐ-க்கு ஒரு டிகிரி பின்வாங்கு என்பது பழைய விதி. அதன்படி 22-க்கு வந்தேன். முதல் ஓட்டங்களை 18-இல்தான் ஆரம்பித்தேன், பிறகு ஒவ்வொரு டிகிரியாக. ஈ.சி.யூ திரையில் 22 என்று எழுதியிருந்தால் போதாது. கிராங்கிலும் 22-தானா என்று டைமிங் விளக்கு அடித்துப் பாருங்கள். டயக்னாஸ்டிக் பெட்டியில் இரண்டு முனைகளை இணைத்து 10 டிகிரிக்கு வைப்பதெல்லாம் அசல் ஈ.சி.யூ-வோடு போயிற்று. புதியதில் டைமிங்கை ஓர் எண்ணில் பூட்டிவிட்டு அடிக்க வேண்டும்.

நாக்கிங்கைக் கேட்க நான் செய்தது ஒரு செம்புக் குழாய். ஒரு முனையைத் தட்டையாக்கி, துளை போட்டு, பிளாக்கில் போல்ட்டால் பிடித்தேன். மறுமுனையிலிருந்து ரப்பர் குழாய், சத்தம் தடுக்கும் காதுமூடி வரை. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சீரான உறுமலுக்கு நடுவே, தகர டப்பாவில் கூழாங்கல் விழுவது போல ஒரு டிக் கேட்டால் காலை எடுத்துவிட வேண்டும். இதைச் சாலையில் செய்யாதீர்கள். ரோலிங் ரோட்டில் வண்டியைக் கட்டிப்போட்டுவிட்டு, ஒருவர் மிதிக்க ஒருவர் கேட்க வேண்டும். ஒவ்வொரு முழு ஓட்டத்துக்கும் நடுவே இன்டர்கூலருக்கு மின்விசிறியைக் காட்டி இரண்டு நிமிடம் விடுங்கள். அன்று மாலை சக்கரத்தில் 134 குதிரை. பூஸ்ட் 5.8.

இன்ஷூரன்ஸ், எம்.ஓ.டி, செலவு

இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள், மாட்டுவதற்கு முன்பே. சொல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடே இல்லை என்று ஆகிவிடலாம். மாற்றம் செய்த வண்டிகளை எடுக்கும் நிறுவனங்கள் தனியாக உண்டு. என் பிரீமியம் நூற்று முப்பது பவுண்டு ஏறியது. தொலைபேசியில் அந்தப் பெண் ‘டர்போ இல்லை, வேறு ஏதோ’ என்று குறித்துக்கொள்வது கேட்டது. எழுத்துக்கு எழுத்து சொல்லித் திருத்தினேன்.

எம்.ஓ.டி என்ற ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையின் புகைப் பகுதியில், 1986 ஆகஸ்ட் முதல் 1992 ஜூலை வரை புழக்கத்துக்கு வந்த வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை அனுமதி. என் பிப்ரவரி வண்டி ஆறு மாத இடைவெளியில் தப்பித்தது. அதற்குப் பிந்தைய வண்டி என்றால் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே நிற்க வேண்டும். கேட்டலிஸ்ட்டைக் கழற்றும் எண்ணமே வேண்டாம்.

செலவு, வீணாய்ப் போன முதல் புளோயரையும் இரண்டு பெல்ட்டையும் சேர்த்து 2,450 பவுண்டு. இதில் புளோயருக்கு ஆனது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈ.சி.யூ-வும் கிளட்ச்சும்தான் பெரும்பகுதியைத் தின்றன.

முதல் ஐந்நூறு மைலுக்குப் பிறகு பெல்ட் இழுவையைத் திரும்பப் பாருங்கள், புதிய பெல்ட் கொஞ்சம் நீளும். அந்த நான்கு எம்6 போல்ட்களிலும் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், நகர்ந்தால் தெரியும். சீட்டுக்குப் பின்னால் ஒரு உபரி பெல்ட், ஒரு ஸ்பானர். புளோயரின் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். படிக்குக் கீழே இப்போது அந்த முதல் புளோயர் கிடக்கிறது. குடை அதன் மேல்தான்.